ஏழே முக்கால் வேன்

எதிர்வீட்டு வாசலில் மஞ்சள் வேன்
ரெண்டு முறை ஹாரன் அடிக்கும்.
எங்கள் வீட்டிலும் அதுதான் முதல் மணி.
தோசைக் கையோடு ஓடுவான் நன்மாறன்.
ஜன்னல் கட்டையில் நோட்டு, காதில் பென்சில்.

நிற்பது நாற்பது நொடி.
கதவு திறக்க ஐந்து,
தண்ணீர் பாட்டிலை மறந்த பிள்ளை திரும்பி ஓட இருபது,
மிச்சத்தில் வரைந்தாக வேண்டும்.
மாசியில் வெறும் சக்கரங்கள்.
பங்குனியில் டிரைவரின் மீசை.
ஒருநாள் பின்சக்கரம் மட்டும் சப்பையாக இருந்தது.
ஒழுங்காய்ப் போடு என்றேன்.
"அது அப்படித்தாம்மா இருக்குது."
போய்ப் பார்த்தோம். காற்று இறங்கியிருந்தது.

இந்தப் பக்கம் தறிக்கூடம்,
பன்னிரண்டு தறி.
மூத்தவள் தேனருவி அந்தச் சத்தத்தில் ஏற்றித்தான்
ஏழாம் வாய்ப்பாட்டைப் படித்தாள்.
கரண்ட் போனால் ஐம்பத்தாறில் நிற்பாள்,
வந்ததும் அறுபத்து மூணு.
பல்லடத்தில் வேறெந்தப் பிள்ளைக்கு இது வாய்க்குமென்று
ஒறம்பரை முன்னால் நான் பீற்றிக்கொண்டதுண்டு.
நோம்பிக்கு வந்த நாத்தனார் கேட்டார்:
"அதெல்லாஞ் செரி, எத்தனாவது படிக்கறாங்க?"
பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.
"காலைலயா, பொழுதோடயா?" என்றான் சின்னவன்.
நான் காப்பி கலக்க எழுந்து போனேன்.

உள்ளதைச் சொன்னால், பாதி நாள் ஒன்றுமே நடக்காது.
காலி நூல்கோன்களை அடுக்கி ஊர் கட்டுவார்கள்.
ராத்திரி ஷிப்ட் முடித்த சென்னியப்பன்
ஊருக்கு நடுவில் தூங்குவார்;
அவர் முழங்கால்தான் மலை.
மலை புரண்டு படுத்ததில் ஒருநாள் பஸ் ஸ்டாண்டு போயிற்று,
மேயர் தேனருவி பதவி விலகினாள்.
கடிதமாக எழுது என்றேன்.
நான்கு பிழை, ஒரு நல்ல வரி:
'என் ஊருக்கு யாருமே வருவதில்லை,
ஆகவே நானும் போகிறேன்.'
வரியை மட்டும் பாராட்டினேன்.

ஆனி மாதம். கோழிப்பண்ணை வாடையைச் சுமந்துகொண்டு
காற்று வெசையாய் அடித்த ஒரு காலை
வேனின் மூன்றாம் ஜன்னலில்
இரட்டைச் சடைக்காரி ஒருத்தி
ரஃப் நோட்டுத் தாளைக் கண்ணாடியில் அழுத்திப் பிடித்தாள்.
எங்கள் ஜன்னல். ஆறு கம்பி.
பின்னால் பெரிய காதோடு ஒரு பையன்.

அன்றைக்கு அவன் வரையவில்லை.
காதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான்.
"இத்தினி பெருசாவா இருக்குது?"

மறுநாள் பதில் போயிற்று.
அங்கிருந்து ஐந்து கால் குதிரை,
இங்கிருந்து குதிரைக்கு ஐந்தாவது செருப்பு.
பேர் கேட்க நேரமில்லை,
படத்துக்கே பற்றவில்லை.

காலாண்டு லீவு வந்தது.
லீவே கிடையாது எங்களுக்கு என்று
சொல்லித் திரிந்த வீட்டில்
ஒருவன் ஒன்பது நாள் லீவு எடுத்தான்,
ஜன்னல் கட்டையில் தாடையை வைத்து.
ஒன்பதாம் ராத்திரி:
"அம்மா, நானும் வேன்ல போகட்டுமா?"
"பள்ளிக்கூடத்துக்கா?"
"இல்ல. வேன்ல."
சென்னியப்பன் சிரித்தார்.
அந்த 'இல்ல'வுக்குள் எவ்வளவு 'ஆமா' என்று
ஒரே துண்டை மூன்று முறை மடித்தேன்.

வேன் வந்தது. மூன்றாம் ஜன்னலில்
சந்தனம் பூசிய மொட்டைத் தலை.
வேறு யாரோ என்று பென்சிலைக் கீழே வைத்தான்.
மொட்டை ஒரு தாளைத் தூக்கியது:
ஐந்து கால், ஐந்து செருப்பு,
பிடரி மயிர் இல்லாத குதிரை.

எழுத்தே வேண்டாமென்று
ஒன்றரை வருடம் அடம்பிடித்தவன்
நோட்டைப் புரட்டிக் கிறுக்கித்
தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தான்:
'பளனியா?'

அவள் தலையாட்டினாளா,
வேன் கிளம்பிய குலுக்கலா,
இங்கிருந்து தெரியவில்லை.